ஓய்வு பெற்றவர் எதைப் பெற்றார்?

மே மாதம் பிறந்துவிட்டால் ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர்களில் திருமண அழைப்பிதழ்களோடு இன்னொரு வகை அழைப்பிதழும் வந்து சேரும். பள்ளி ஆசிரியர்கள் கல்வியாண்டின் முடிவில் பணியிலிருந்து விடுபடும் காலம் அது. ஆலங்காயத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வரும் அந்த அட்டைகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், ஒரே நிகழ்ச்சிக்கு எத்தனை பெயர்கள்! ஒன்றில் 'பணி ஓய்வு விழா'. மற்றொன்றில் 'பணி நிறைவுப் பாராட்டு விழா'. உருதுவும் சேர்த்து அச்சிட்ட அட்டையில் 'ஸுபுக்தோஷ்'. வாய்ப்பேச்சிலோ எல்லாருக்கும் 'ரிட்டயர்' ஒன்றுதான்.

சொல் பலவாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அறுபது வயது மனிதர் ஒருவரை ஊரும் வீடும் எப்படி நோக்குகின்றன என்பதை இச்சொற்கள் வெளிப்படுத்துகின்றன. நோக்கை உருவாக்கவும் செய்கின்றன. 'ஓய்வு பெற்றவர்' என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது, முடிந்துபோன மனிதர் என்னும் எண்ணம். இந்த எண்ணத்தைச் சொல் தந்ததா, நாம் சொல்லின்மேல் ஏற்றினோமா? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாள்தோறும் நாம் பேசும் பேச்சிலிருந்தே தொடங்குவோம். மழை ஓய்ந்தது என்கிறோம். சந்தடி ஓய்ந்தது என்கிறோம். 'கை ஓய்ந்துவிட்டது' என்று களைத்தவர் சொல்கிறார். ஓயாமல் பேசுகிறவரைக் கடிந்துகொள்கிறோம். 'ஓய்வு ஒழிச்சல் இல்லை' என்று இல்லத்தரசிகள் சொல்வது எல்லா வீட்டிலும் கேட்பது. இவற்றில் எங்கேனும் ஒரு பொருள் அடியோடு அற்றுப்போவது சொல்லப்படுகிறதா? மழை ஓய்ந்தது என்றால் வானத்தில் மழை தீர்ந்துவிட்டது என்று எந்த உழவனும் பொருள் கொள்வதில்லை. பெய்த வேகம் தணிந்தது, இனிக் கலப்பையை எடுக்கலாம் என்றே கொள்கிறான். கை ஓய்ந்தவருக்குக் கை இல்லாமல் போகவில்லை.

இதற்குத் தொல்காப்பியத்திலேயே சான்று உண்டு. உரியியலில் ஆசிரியர் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கு சொற்களை ஒரு கூட்டமாக வைத்து, அவை நான்கும் உள்ளதன் நுணுக்கத்தை உணர்த்தும் என்கிறார். 'உள்ளதன்' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறேன். முன்பு உள்ள ஒன்று நுணுகுகிறது, மெலிகிறது, நேர்மையாகிறது, ஆனால் இருக்கிறது. உரையாசிரியர் இதற்கு எடுத்துக்காட்டுவது கலித்தொகையில் வரும் ஒரு களிறு. கோடை வெப்பத்தில் வருந்தி மெலிந்த யானை அது. மெலிந்தாலும் யானை யானைதானே! அக்களிற்றை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊர்த் திண்ணையில் செய்தித்தாளுடன் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியரைப் பாருங்கள். சொல்லின் பொருள் எவ்வளவு பொருத்தமாக அமர்கிறது!

இதைவிடச் சுவையான செய்தி, ஓய்தலுக்குப் பக்கத்திலேயே ஆய்தல் நிற்பது. இன்று 'ஆய்வு' என்றால் ஆராய்ச்சி. 'ஓய்வு' என்றால் ஆராய்ச்சி முதலிய எல்லாவற்றையும் விட்டுவிட்டது. தொல்காப்பியர் காலத்தில் இரண்டும் உடன்பிறந்தார். நுணுகுவது ஓய்தல், நுணுகி நோக்குவது ஆய்தல். (நாம் ஃபஜ்ரு, ஃபர்ளு என்று எழுதுகையில் முதலில் இடுகிறோமே முப்புள்ளி, அந்த ஆய்த எழுத்துக்குப் பெயர் வந்ததும் இந்த நுணுக்கப் பொருளாலேதான் என்பர் இலக்கணம் வல்லார்.) ஜவ்வாது மலைமேல் காவலூரில் வான் ஆய்வுக்கூடம் இருப்பதை இப்பகுதியார் அறிவர். ஊரின் ஒளியும் ஓசையும் ஓய்ந்த இடம் வேண்டும் என்பதால்தான் 1968-இல் வைணு பாப்பு அங்கே தொலைநோக்கியை நிறுவினார். ஓய்ந்த இடமே ஆய்வதற்கு இடமாயிற்று. அவர் பணியில் இருக்கும்போதே 1982-இல் ஐம்பத்தைந்து வயதில் மறைந்தார். அவர் திட்டமிட்ட பெரிய தொலைநோக்கிக்கு 1986-இல் அவர் பெயரே இடப்பட்டது.

சொல்லின் வேர் இவ்வாறிருக்க, பிழை எங்கே புகுந்தது? எனக்குத் தோன்றுவது, 'ஓய்வு' என்ற பெயரில் குற்றமில்லை. அதோடு சேர்த்த 'பெறு' என்னும் வினையில்தான் குழப்பம். தமிழில் ஓய்வு எடுக்கலாம், ஓய்வு கொள்ளலாம். இரண்டிலும் செய்கிறவன் மனிதன். எடுத்தவன் வைத்துவிட்டு எழுந்து போகலாம். 'பெறுதல்' அப்படியன்று. ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்குவது அது. பட்டம் பெற்றார், பரிசு பெற்றார் என்பதுபோல ஓய்வையும் அலுவலகம் கொடுக்க இவர் பெற்றுக்கொண்டார். கொடுத்ததைத் திருப்பித் தர இயலாது! 2018 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதியை அடக்கம் செய்த பேழையின்மேல் ஒரு வாசகம் பொறித்திருந்தனர். ஓய்வே எடுக்காது உழைத்தவர் இங்கே ஓய்வு கொண்டிருக்கிறார் என்பது அதன் கருத்து. அரசியலை ஒதுக்கிவைத்து மொழியை மட்டும் நோக்குக. எடுத்தல், கொள்ளுதல் என்னும் இரு வினைகளும் அதில் உள்ளன, பெறுதல் இல்லை. அவ்விடத்தில் 'ஓய்வு பெற்றார்' என்று பொறித்திருந்தால் எத்துணை அலுவலக நெடி வீசியிருக்கும்!

'விருப்ப ஓய்வு', 'கட்டாய ஓய்வு' என்பவை இவ்வினையின் பேரப்பிள்ளைகள். கட்டாயப்படுத்தி ஒருவனுக்குத் தண்டனை கொடுக்கலாம். ஓய்வைக் கொடுப்பது எங்ஙனம்?

அண்டை மொழியார் இதனை எப்படிச் சொல்கின்றனர் என்று பார்ப்பது பயன் தரும். மலையாளத்தார் 'விரமிக்கல்' என்றும் தெலுங்கர் 'பதவீ விரமண' என்றும் நிறுத்தற்பொருளில் சொல்கின்றனர். ஆங்கிலேயரின் 'ரிட்டயர்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பின்னிழுத்துக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். படை பின்வாங்குவதற்கும் அதுவே சொல். இவற்றிலெல்லாம் மனத்தைத் தொடும் படிமம் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர் உருதுக்காரர்களின் 'ஸுபுக்தோஷ்' அப்படியன்று. பாரசீகத்தில் ஸபுக் என்றால் இலேசானது. தோஷ் என்றால் தோள். பணியிலிருந்து விடுபட்டவர், தோள் இலேசானவர். சுமை இறங்கியது, தோள் இருக்கிறது.

சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தவர்களுக்கு இச்சொல் விளங்கும். வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியே வருகிறவர் பிறர் கைகொடுக்க வேண்டாமல் அதன்மேல் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறலாம். பிள்ளைப்பேற்றின் சுமையோடு இறந்த பெண்களின் நினைவாக அதை எழுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. இறக்கியவர் அங்கேயே குடியிருப்பதில்லை. இளைப்பாறி, நடந்தார்.

நடுவழி ஓய்வைப் பற்றிய பழைய நூலொன்று இம்மலைநாட்டிற்கே உரியது. பத்துப்பாட்டில் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தைத்தான் சொல்கிறேன். செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் பாட்டு அது. செங்கண்மா இன்றைய செங்கம். அப்பாட்டின் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் இன்றைய செய்யாறு. வழியில் என்னென்ன இடர்கள் உண்டு, எந்த இடத்தில் யார் உணவு தருவர், இருட்டினால் எந்தக் குகையில் தங்கலாம் என்றெல்லாம் விரித்துரைக்கும் புலவர், கூத்தரைக் களைப்போடு நடக்க விடுவதில்லை. ஆனால் ஒவ்வோர் ஓய்வும் மறுநாள் நடைக்கும், நடையின் முடிவில் அரங்கேற வேண்டிய கூத்துக்கும் ஆகவே. ஐந்நூற்று எண்பத்து மூன்று அடி கொண்ட அப்பாட்டில் கூத்துக்கலைஞர் எவரும் ஓய்வு 'பெறவில்லை'.

இலங்கைத் தமிழர் 'இளைப்பாறிய அதிபர்', 'இளைப்பாறிய நீதிபதி' என்று எழுதுவர். முதன்முறை இதைப் படிக்கும் நம் பக்கத்தார் சிரிப்பதுண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. இளைப்பு ஆறியது என்றால் களைப்பு தணிந்தது. ஒருவர் இத்தனை ஆண்டு உழைத்துக் களைத்தார் என்பதை ஏற்றுக்கொண்டு பேசும் சொல் அது. நம் 'பெற்றவரை'க் காட்டிலும் கனிவானது. அதற்கும் ஓர் இடர் உண்டு. கிறித்தவர் இறந்தோருக்காக வேண்டும்போது 'நித்திய இளைப்பாற்றி' என்பர். அவ்வழக்கை அறிந்தவர் காதில் 'இளைப்பாறிய' என்பது வேறொன்றையும் நினைவூட்டிவிடும்.

இனி அரபுக்கு வருவோம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம் பிள்ளைகள் 'தகாஉத்', 'முதகாஇத்' என்னும் சொற்களைக் கொண்டுவந்திருக்கின்றனர். 'கஅத' என்றால் அமர்ந்தான். ஆக, ஓய்வு என்பது அமர்தல். இக்காலப் பொருள் இதுவே. பழைய அகராதிகளைப் புரட்டினால் முகம் மாறுகிறது. தகாஉத் என்றால் ஒரு காரியத்தை நாடாமல் பின்தங்குதல். அதோடு, ஒருவருக்குச் சேரவேண்டிய உரிமையைக் கொடாமல் நிறுத்திவைத்தல் என்றும் ஒரு பொருள். ஓய்வூதியக் கோப்புகளின் பின்னால் அலைந்தவர்கள் அப்பழைய அரபியரின் முன்னறிவை வியப்பார்கள்!

எனினும் இவ்வேரின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 'கவாஇத்' என்னும் பன்மைச் சொல் திருமறையில் இரண்டு பொருளில் வருகிறது. அந்நூர் அத்தியாயத்தில் அது, மணவாழ்வை நாடும் பருவத்தைக் கடந்து அமர்ந்துவிட்ட முதிய பெண்களைக் குறிக்கிறது. அல்பகரா அத்தியாயத்தில், நபி இப்ராஹீம் (அலை) அவர்களும் நபி இஸ்மாயீல் (அலை) அவர்களும் உயர்த்திய இறையில்லத்தின் அடித்தளத்தைக் குறிக்கிறது. மத்ரஸாப் பிள்ளைகள் ஓதும் இலக்கண விதிகளுக்கும் பெயர் கவாஇத்தான். அமர்ந்துவிட்ட மூதாட்டி, கட்டடத்தின் கடைக்கால், மொழியின் விதி மூன்றும் ஒரே சொல்லில்! இச்சொல்லை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு: அரபியில் அமர்ந்தது எதுவோ அதன்மேல்தான் மற்றது நிற்கிறது.

வேலை ஒழிந்த நேரத்திற்கு அரபியில் 'ஃபராக்' என்று தனிச்சொல் உண்டு. ஒரு பணியிலிருந்து ஒழிந்ததும் அடுத்ததில் முனைக என்று அலம் நஷ்ரஹ் அத்தியாயம் ஏவுகிறது. அந்த 'அடுத்தது' வணக்கமா, பிரார்த்தனையா என்பதில் விரிவுரையாளர்கள் பலவாறு கூறினாலும், ஒழிவைத் தொடர்ந்து முயற்சி வருவதில் கருத்து வேற்றுமை இல்லை. உடல்நலமும் ஃபராக்கும் பலர் இழப்புக்கு உள்ளாகும் இரு அருட்கொடைகள் என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. ஆக, ஒழிவு என்பது கையில் வந்த முதல். அதை வைத்து வணிகம் செய்வதும் இழப்பதும் அவரவர் பாடு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஹிஜ்ரி 488-இல் பக்தாது நிஜாமிய்யாவின் ஆசிரியப் பதவியை விட்டு நீங்கியபோது ஊரார் அதை வீழ்ச்சி என்றே பேசினர். இஹ்யா பிறந்தது அந்த நீக்கத்திற்குப் பின்னர்தான். பல்லாண்டு கழித்து நைசாபூரில் மீண்டும் பாடம் நடத்தவும் அவர் வந்தார்.

'வளீஃபா' என்னும் சொல்லின் பயணமோ ஒரு கதை. பழைய அரபியில் நாள்தோறும் அளந்து கொடுக்கும் உணவு அல்லது தீனி. இன்றைய அரபியில் உத்தியோகம். உருதுவில் உதவித்தொகை, ஓய்வூதியம். நம் வீடுகளில் வளீஃபா என்றால் தொழுகைக்குப்பின் வழக்கமாக ஓதும் ஓதல். ஓய்வூதியக்காரரை உருதுவில் 'வளீஃபா யாப்' என்பர். வேலையும், வேலை ஓய்ந்தபின் வரும் தொகையும், ஒருபோதும் ஓயாத ஓதலும் ஒரு சொல்லுக்குள் குடியிருப்பதைப் பார்க்கும்போது, பணியையும் ஓய்வையும் இரு எதிரிகளாக நிறுத்தியது அலுவலகக் கடிதங்கள்தாமோ என்று தோன்றுகிறது.

தொகையைப் பற்றிப் பேச்செடுத்தோம். 'ஓய்வூதியம்' நல்ல சொல்லாக்கம். ஊதியம் என்பது இன்று சம்பளம்; வள்ளுவர் அதை முதலோடு இணைத்துப் பேசுமிடத்தில் அதற்கு இலாபம் என்றே பொருள். ஆகவே, நெடுநாள் இட்ட உழைப்பின் இலாபம் ஓய்வூதியம் என்று கொள்ள இடமிருக்கிறது. நம் பாட்டனார் தலைமுறை இதையே 'உபகாரச் சம்பளம்' என்றது. அச்சொல் வழக்கொழிந்தது நன்று. உபகாரம் என்றால் கொடுப்பவன் மனமிரங்கிச் செய்வது. மனம் மாறினால் நிறுத்துவது. 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் ஓய்வூதியம் கொடையும் அன்று, கொடுப்பவரின் கருணையும் அன்று. பணியாற்றியவரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. ஒரு நீதிமன்றம் தமிழ்ச் சொல்லொன்றின் பிழையைத் தானறியாமலே திருத்தியது எனலாம். அந்நாளையே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். பின்னர் தமிழக அரசு, 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பங்களிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்ததும், உரிமையின் அளவு குறித்த வழக்காடல் எழுந்ததும் நேயர்கள் அறிந்தவை.

ஓய்வுக்குரிய வயதும் கல்லில் எழுதியதன்று. தமிழக அரசு ஊழியருக்கு 2020 மே மாதத்தில் 58 வயது 59 ஆயிற்று. 2021-இல் 60 ஆயிற்று. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65. ஐம்பத்தெட்டில் 'முதிர்ந்த' உடல் ஓர் அரசாணையால் இரண்டாண்டு இளமை பெறுமானால், 'வயது முதிர்வு' என்பது உடலைப் பற்றிய சொல் அன்று, ஆணையைப் பற்றியது என்பது விளங்கவில்லையா? தொல்காப்பியரின் களிற்றுக்கு அரசாணை வரவில்லை, கோடைதான் வந்தது.

இந்தச் சொல்லாட்சி யாரை அறவே விட்டுவிட்டது என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மலைமேல் சாமை விதைத்து, புளியும் தேனும் சேர்த்துக் கீழே கொண்டுவரும் மலையாளிப் பெரியவருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று உண்டா? கால் ஓய்ந்தது, கண் மங்கியது என்று உறுப்புகளின் பெயரால் அவர் பேசுவார். 'நான் ஓய்வு பெற்றேன்' என்று சொல்ல அவருக்கு வாய்ப்பே இல்லை. அரசு தருவதும் 'முதியோர் உதவித்தொகை'. உழைத்தவருக்கு ஊதியம் என்ற சொல் அங்கே வரவில்லை. நம் உலமாக்களுக்குத் தமிழக அரசின் ஓய்வூதியத் திட்டம் ஒன்று உண்டு. வக்ஃபு நிறுவனங்களில் இருபதாண்டு பணியாற்றிய இமாம்களும் முஅத்தின்களும் அரபு ஆசிரியர்களும் பெறுகின்றனர். பெயரளவிலாவது 'ஊதியம்' என்ற சொல் கிடைத்தது. ஆனால் உஸ்தாது ஒருவர் ஓதிக்கொடுப்பதை நிறுத்திய நாள் எது என்று கேட்டால், பெரும்பாலும் அவர் ஜனாஸா எழுந்த நாளைத்தான் ஊரார் சொல்வர்.

இத்தனைக்குப் பின் 'பணி நிறைவு' என்ற புதுச்சொல்லைப் பற்றி என் கருத்தைச் சொல்லலாம். 'ஓய்வு' என்பது மனத்தைத் தளர்த்துகிறது என்று எண்ணி, நல்லெண்ணத்தோடு ஆசிரியப் பெருமக்கள் இதைப் பரப்புகின்றனர். செவிக்கு இனிமை, பொருளில் கடுமை. ஓய்ந்தது மீண்டும் கிளம்பலாம். நிறைந்த குடத்தில் ஒரு துளியும் சேராது. ஓர் ஆசிரியரின் பணி எந்த மே மாதத்தில் நிறைகிறது? பதவி முடிந்தது என்றால் உண்மை. பணி நிறைந்தது என்றால், இனி உம்மிடம் கேட்க எங்களுக்கு ஒன்றுமில்லை என்று மாலையிட்டுச் சொல்வதாகும். அழைப்பிதழ் எழுதித் தரும்படி என்னிடம் வருவோருக்கு, 'இத்தனை ஆண்டு பணியாற்றிப் பதவியிலிருந்து ஓய்வு கொள்கிறார்' என்று எழுதித் தருகிறேன். அச்சகத்தார் அதைப் 'பெறுகிறார்' என்று திருத்திவிடுவதும் உண்டு.

வீட்டுக்குள் வந்தால் சொல்லின் விளைவு இன்னும் தெளிவு. 'அத்தா ஓய்வாகத்தானே இருக்கிறார்' என்ற ஒரு வாக்கியத்தால் ரேஷன் கடை வரிசையும், மின்கட்டணமும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் அவர் தோளுக்கு வந்துவிடுகின்றன, ஸுபுக்தோஷ் போயிற்று. அதில் தவறில்லை, மகிழ்ந்து செய்வோர் பலர். தவறு எங்கே என்றால், முப்பத்தைந்து ஆண்டு கணக்கு கற்பித்தவரிடம் கணக்கு கேட்க அதே பேரனுக்கு எவரும் சொல்வதில்லை. அவனை மாலையில் ட்யூஷனுக்கு அனுப்புகிறோம். நுணுகியிருக்கும் அறிவை விட்டுவிட்டு, தளர்ந்திருக்கும் காலை வேலை வாங்குகிறோம்.

அவருடைய துணைவியாருக்கோ எச்சொல்லும் இல்லை. கணவர் ஓய்வு கொண்ட மாதத்திலிருந்து பகலில் இரண்டு தேநீர் கூடியதுதான் அவர் கண்ட மாற்றம். அரபிக்குக் 'கவாஇத்' கிடைத்ததுபோல் தமிழில் அப்பெண்மணியைக் குறிக்க என்ன சொல்கிறோம் என்று தேடிப்பார்த்தேன். 'சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டார்' என்ற ஒரு தொடர்தான் அகப்பட்டது. அதையும் நம்பிவிட வேண்டாம். பிரியாணி அரிசிக்கு உப்பு சரியா என்று பார்க்கவும், ஊறுகாய் ஜாடியைத் திறக்கவும் இன்னும் அவரைத்தான் அழைக்கிறார்கள்.